“சொல்லக்கூடாது அம்மா, இரகசியம்”: மத்தியஸ்தரான மகளும் ஒரு தாயின் ஐந்து கேள்விகளும்

திருகோணமலை நகரை அண்டி வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள்; மூத்தவள் தரம் 10. இந்த வருடம் முதலாம் தவணையில் மகளின் பாடசாலையில் ‘சகபாடி மத்தியஸ்தம்’ என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. மாணவர்களுக்குள் வரும் பிணக்கை மாணவர்களே இருத்திவைத்துப் பேசித் தீர்ப்பதுதான் ஏற்பாடு. வகுப்புக்கு இருவரைத் தெரிந்து, ஒன்றரை நாள் பயிற்சி கொடுத்து, சட்டையில் ஒரு சின்னமும் குத்திவிட்டார்கள். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் தம்பியோடு சண்டை வந்தால்கூட “நீ முதலில் சொல்லு, நான் குறுக்கே கதைக்க மாட்டேன்” என்றுதான் தொடங்குவாளாம்.

இரண்டாம் தவணையில் பிள்ளை மாறிவிட்டாள். சாப்பாடு குறைந்தது, இரவில் நித்திரை இல்லை. என்ன என்று கேட்டால் “சொல்லக்கூடாது அம்மா, இரகசியம்” என்ற ஒரே பதில். பொறுக்க முடியாமல் ஒருநாள் தாய் மகளின் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். தரம் 9 மாணவி ஒருத்தியின் முகத்தை ஆபாசமான வேறொரு படத்தில் ஒட்டி, அவளுடைய வகுப்பு மாணவர்கள் மூவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஒழுக்காற்றுக் குழுவுக்குப் போனால் பாடசாலையின் பெயர் கெடும் என்று, விடயம் மத்தியஸ்தத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. இந்த மகளும் இன்னொரு மாணவனும் நடுவில் இருந்து, “மன்னிப்புக் கேட்டோம்”, “ஏற்றுக்கொண்டேன்” என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். படம் சுற்றுவது நிற்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, இரவு 11.30க்கு அந்தப் பிள்ளையிடமிருந்து மகளுக்கு வந்த மெசேஜ்: “அக்கா, இனி நான் இருந்து என்ன பிரயோசனம்.”

தாயின் கேள்விகள் ஐந்து. மகளைத் திட்டத்திலிருந்து விலக்கிவிடவா? கையெழுத்து வைத்த பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாதா? இரகசியத்தை வெளியே சொன்னால் மகளுக்குத் தண்டனை வருமா? அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நான் போய்ச் சொல்லலாமா? போனைப் பார்த்தது என் பிழையா?

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தில் தொலைபேசி இலக்கம் தந்திருந்தீர்கள். அது நல்லதாகப் போயிற்று. அவசரமான பகுதியை அன்று மாலையே நாம் கதைத்துவிட்டோம். அந்தப் பிள்ளை இப்போது பெரியவர்களின் கவனத்தில் இருக்கிறாள். மற்றதை, உங்கள் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் வேறு தாய்மாரும் இருப்பார்கள். அவர்களுக்காக அன்று போனில் சொன்னதையும் திருப்பிச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிள்ளை

“இருந்து என்ன பிரயோசனம்” என்று ஒரு பிள்ளை எழுதினால், சும்மா சொல்லியிருப்பாள் என்று நாம் தீர்மானிக்கக்கூடாது. அன்றைக்கே ஒரு பெரியவர் அவளோடு கதைக்க வேண்டும். “சாக வேண்டும் என்று யோசிக்கிறாயா?” என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோமோ என்று போனில் நீங்கள் பயந்தீர்கள். பலருக்கும் உள்ள பயம் அது. ஆனால் அப்படி நடப்பதில்லை. கேட்கும்போது பிள்ளைக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. தனக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததை இன்னொருவர் பயப்படாமல் காதில் வாங்குகிறார் என்பதே பாதி ஆறுதல். “ஓம்” என்று சொன்னால் அவளைத் தனியே விடாமல், மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் உளநலப் பிரிவில் காட்ட வேண்டும். இரவு நேரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிள்ளைகள் தொடர்பான எந்த முறைப்பாட்டுக்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. தமிழிலேயே கதைக்கலாம், கட்டணம் இல்லை.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நேரே போக நினைத்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் இப்படியொரு படம் வந்தால் முதல் அடி படத்திலிருக்கும் பிள்ளைக்குத்தான் விழுகிறது. “நீ என்ன செய்தாய், உன் படம் எப்படி அவன்களிடம் போனது” என்று வீட்டிலேயே விசாரணை தொடங்கும். போனைப் பறிப்பார்கள், ரியூசனை நிறுத்துவார்கள், சில வீடுகளில் பாடசாலையையே நிறுத்துவார்கள். ஏற்கெனவே நொந்திருக்கும் பிள்ளைக்கு அது இரண்டாவது தண்டனை. ஆகவேதான் பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியையையும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் முன்னுக்கு விட்டோம். அவர்கள் போய் முதல் வசனமாக “உங்கள் மகள் ஒரு பிழையும் செய்யவில்லை” என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைவிட ஓர் உத்தியோகத்தர் சொன்னால் தகப்பன்மார் நின்று கேட்பார்கள். அப்படி யாரும் கிடைக்காமல், பிள்ளைக்கு ஆபத்தும் அன்றைக்கே என்றால், தயங்க வேண்டாம், தாயிடம் நீங்களே போங்கள். தாயிடம் மட்டும், ஆறுதலாக, அந்த ஒரு வசனத்தில் தொடங்கி.

இன்னொன்று. சாட்சிக்கென்று அந்தப் படத்தை உங்கள் போனில் சேமிக்கவோ, அதிபருக்கோ எனக்கோ அனுப்பவோ வேண்டாம். சிறுவர் ஒருவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் இலங்கைச் சட்டத்தில் குற்றம். நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு பரவல்தான். குழுவின் பெயர், அனுப்பியவர், திகதி, நேரம் இவற்றைத் தாளில் எழுதி வைத்தால் போதும். தேவையானதைப் பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகம் எடுத்துக்கொள்ளும்.

சண்டை வேறு, இது வேறு

இந்தத் திட்டமே பிழை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த முடிவோடு எனக்கு முழு உடன்பாடில்லை.

சில வருடங்களுக்கு முன் இதே மாவட்டத்தில் ஒரு பாடசாலைக்கு நான் போய்வந்துகொண்டிருந்தேன். தரம் 8இல் இரண்டு பையன்கள். ஒருவன் திருக்கடலூர்ப் பக்கம். விடியப்புறம் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு நேரே வகுப்புக்கு வருவான். பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையைத் தள்ளிப் போட்டான். வலை இழுத்துவிட்டு வந்தவன் அவனுடைய புத்தகப் பையில் மையை ஊற்றிவிட்டான். ஆசிரியர் விசாரித்திருந்தால் மை ஊற்றியவனுக்கு அடியோ தண்டனையோ கிடைத்திருக்கும், மூக்கைப் பொத்தியவன் நல்லவனாகியிருப்பான். தரம் 11 பிள்ளைகள் இருவர் அவர்களை இருத்தி, ஒவ்வொருவராகச் சொல்லவிட்டார்கள். மை ஊற்றியவன் விடிய 4 மணிக்கு எழும்புகிறான் என்பதே மூக்கைப் பொத்தியவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் அவர்களே எழுதிய உடன்பாடு இதுதான்: மாற்றுச் சட்டை ஒன்று வகுப்பு அலுமாரியில் இருக்கும், மணத்தால் மூக்கைப் பொத்தாமல் வாயால் சொல்ல வேண்டும், வலை இழுக்கப் போய்ப் பிந்தி வரும் நாளில் முதற்பாடக் குறிப்பை மற்றவன் எழுதி வைப்பான். எந்தப் பெரியவருக்கும் அந்த மூன்றாவது வரி தோன்றியிருக்காது.

இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு நிற்கும் பிணக்குக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். இரவல் வாங்கிய கொப்பி, பரப்பிய கதை, கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா, பஸ்ஸில் இடம், கூட்டாளியைப் பிரித்த கூட்டாளி, எல்லாம் இதற்குள் அடங்கும். எங்கள் மாவட்டத்துக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவை என்பேன். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே வீதியில் போய்வரும் ஊர். இரண்டு பிள்ளைகளின் தள்ளுமுள்ளு கேற்றைத் தாண்டி வெளியே வந்தால் சில வேளை இரண்டு ஊரின் கதையாகிவிடுகிறது. அதற்கு முன் அவர்களே பேசி முடிக்கப் பழகினால் அந்தப் பழக்கம் வாழ்நாளுக்கும் உதவும். அதிகம் பயனடைவது மத்தியஸ்தராக இருக்கும் பிள்ளைகள்தான் என்று இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உங்கள் மகள் தம்பியிடம் “நீ முதலில் சொல்லு” என்றாளே, அது அந்தப் பயன்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு பிள்ளையின் படத்தைச் சிதைத்துப் பரப்பியதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே இரண்டு பக்கம் இல்லை. அவள் எதை விட்டுக்கொடுப்பாள்? “இருவரும் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்” என்று இருத்தும்போதே, அவளிடமும் ஏதோ ஒரு பிழை இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. தன்னை வதைத்தவர்களுக்கு முன்னால், நேருக்கு நேர், அவள் “ஏற்றுக்கொண்டேன்” என்று எழுதியது சம்மதத்தால் இல்லை, பயத்தால். 2011இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மரியா தோஃபியும் டேவிட் ஃபாரிங்டனும் பல நாடுகளின் பாடசாலைத் திட்டங்களைச் சேர்த்து ஆராய்ந்தபோது, துன்புறுத்தலைத் தடுக்கவென்று சகமாணவரைப் பயன்படுத்திய இடங்களில் பாதிக்கப்படுவது கூடியிருந்ததைக் கண்டார்கள். பிற்காலத்து ஆய்வுகள் அவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை என்றாலும், துன்புறுத்தலை மத்தியஸ்தத்துக்கு அனுப்பாதீர்கள் என்பது இந்தத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட எச்சரிக்கை.

எங்களுக்குப் பழக்கமான மத்தியஸ்த சபையையே பாருங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்தது அது. பயிற்சி பெற்ற வளர்ந்தவர்கள் மூவர் மூவராக இருந்து விசாரிக்கிறார்கள். அவர்களிடமே பாரதூரமான குற்றங்களை அனுப்புவதில்லை. பெரியவர்களின் கையில் கொடுக்காததை 15 வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தது எப்படி? பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான் காரணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். “பேசாமல் விடு, வெளியே தெரியக்கூடாது” என்று வாழ வேண்டிய காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது, தெரியும். பிள்ளைகளின் விடயத்தில் அந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டே ஆக வேண்டும்.

கையெழுத்தும் இரகசியமும்

பிள்ளைகள் தங்களுக்குள் எழுதி வைத்த தாள் சட்ட ஆவணம் ஆகாது. “சமாதானமாகப் போய்விட்டார்கள்” என்று காட்டி யாரும் முறைப்பாட்டைத் தடுக்க முடியாது. அந்தப் பிள்ளையோ பெற்றோரோ 1929க்கும் பொலிஸுக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் போகும் உரிமை அப்படியே இருக்கிறது.

இரகசியத்தைப் பற்றி மகளுக்குப் பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மத்தியஸ்தத்தில் கேட்டதை வெளியே கதைக்கக்கூடாது என்பது சரியான விதி. அது இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் அந்த விதியோடு சேர்த்தே, அமர்வு தொடங்கும்போதே, விலக்கையும் சொல்ல வேண்டும்: ஒருவர் தனக்குத் தீங்கு செய்துகொள்ளப் பார்த்தால், இன்னொருவருக்கு ஆபத்து இருந்தால், வளர்ந்த ஒருவர் பிள்ளையைத் துன்புறுத்துவது தெரியவந்தால், இரகசியம் அங்கே முடிந்துவிடும், பொறுப்பாசிரியரிடம் போக வேண்டும். ஒன்றரை நாள் பயிற்சியில் இதற்கு நேரம் கிடைக்கவில்லைபோலும். எனவே மகள் எந்த விதியையும் மீறவில்லை. அவள் மீறவில்லை என்பதை எழுத்தில் தரும்படி அதிபரிடம் கேளுங்கள். தண்டனை என்ற பேச்சே வரக்கூடாது. வந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

விலக்குவதா?

இப்போதைக்கு ஒரு தவணை ஓய்வு கொடுங்கள். முழுதாக விலக்குவதை அவளே பிறகு தீர்மானிக்கட்டும். காரணத்தைச் சொல்கிறேன். இன்று நீங்கள் கையைப் பிடித்து இழுத்து எடுத்தால், “நான் சரியாகச் செய்யவில்லை, அதனால்தான் அந்தத் தங்கச்சிக்கு இப்படி ஆனது” என்று அவள் மனதில் பதிந்துவிடும். அவளை இப்போது தின்றுகொண்டிருப்பது அந்த எண்ணம்தான் என்று நினைக்கிறேன். அதே நேரம், சாப்பிடாமல் நித்திரை கொள்ளாமல் இருக்கும் பிள்ளையிடம் இன்னொரு பிணக்கை ஒப்படைப்பதும் கொடுமை. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை வேறு. சான்றிதழுக்கு உதவும் என்று அதிபர் சொன்னாராம். உதவட்டும், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நித்திரையும் சாப்பாடும் இரண்டு கிழமைக்குள் திரும்பாவிட்டால் அவளையும் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.

அதிபரைச் சந்திக்கும்போது குற்றம் சாட்டும் தொனியில் போக வேண்டாம். முடிந்தால் இன்னும் இரண்டு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு, பாடசாலை அபிவிருத்திக் குழுவில் உள்ள ஒருவரையும் கூட்டிப் போங்கள். கேட்க வேண்டியவை இவை:

- எந்த விடயம் மத்தியஸ்தத்துக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறதா? அடிதடி, ஆயுதம், போதைப்பொருள், பாலியல் தொந்தரவு, படம் பரப்புதல், பலர் சேர்ந்து ஒருவரை வதைத்தல் ஆகியவை நேரே பெரியவர்களிடம் போக வேண்டும்.
- ஒவ்வோர் அமர்வின்போதும் கூப்பிடு தூரத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா? பிணக்கை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிப்பவர் யார்?
- வர விருப்பமில்லை என்று சொல்ல மாணவருக்கு உரிமை உண்டா? “போய்ப் பேசு” என்று அனுப்பப்பட்டவர் பேசுவது மத்தியஸ்தம் ஆகாது.
- மத்தியஸ்தப் பிள்ளைகள் தங்கள் மனப்பாரத்தை இறக்கிவைக்கக் கிழமைக்கு ஒருமுறையாவது யாரோடாவது கதைக்கிறார்களா?

கடைசிக் கேள்வியை விடாமல் கேளுங்கள். உளவளத்துணை செய்யும் நாங்களே ஒரு நாள் கேட்டதை மேற்பார்வையாளரிடம் சொல்லித்தான் ஆறுகிறோம். பிள்ளை யாரிடம் சொல்வாள்?

அந்த மூன்று பையன்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அவர்களும் 14 வயதுப் பிள்ளைகள். செய்ததற்குப் பாடசாலையும் சட்டமும் உரிய வழியில் கணக்குக் கேட்க வேண்டும். பெற்றோர் முன்னிலையில் படத்தை அழித்து, பரவலை நிறுத்த உதவ வேண்டும். பிரம்படியோடு முடித்துவிட்டால் கோபம் மறுபடி அந்தப் பிள்ளையின் பக்கமே திரும்பும்.

போனைப் பார்த்தது

அன்று பார்த்தபடியால்தான் இன்று ஒரு பிள்ளை பெரியவர்களின் கைக்கு வந்திருக்கிறாள். அதற்காக வருந்தாதீர்கள். ஆனால் மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். அது சரியில்லை. ஆசிரியை வீட்டுக்கு வந்துபோனதை அந்தப் பிள்ளையே மகளுக்குச் சொல்லிவிடுவாள். “எப்படித் தெரிந்தது” என்று மகள் தானாகக் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு உங்களிடம் வாய் திறக்க மாட்டாள். இன்றிரவே, தம்பி படுத்த பிறகு, பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். “நான் உன் போனைப் பார்த்தேன். கேட்காமல் பார்த்ததற்கு மன்னித்துக்கொள். பயந்துபோய்ப் பார்த்தேன். அந்தத் தங்கச்சி இப்போது தனியே இல்லை, அவளோடு ஆட்கள் இருக்கிறார்கள். இது உன் வேலை இல்லை பிள்ளை, பெரியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.” கோபப்படுவாள். கதவைச் சாத்திக்கொண்டாலும் சாத்துவாள். விடுங்கள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, நித்திரைக்குப் போகாமல் கொஞ்ச நேரம் குசினியில் இருங்கள்.